முதல் துள்ளல்

கடலடியில் மாபெரும் நிலநடுக்கம் ஒன்று வந்தால், ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கும். பின்னால் தொடரும் சின்னச் சின்ன அதிர்வுகளை எடுத்து, ஒவ்வொரு அளவீட்டு நிலையத்திலும் பதிவுக் கோடு முதலில் மேலே துள்ளியதா கீழே துள்ளியதா என்று கண் வலிக்கக் குறிக்க வேண்டும். அங்கே பாறை நசுங்குகிறதா, இழுபடுகிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு முறை அப்படிக் குறிக்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. நடுக்கத்துக்கு முன்பு நசுங்கிக்கொண்டிருந்த பாறை, அதற்குப் பிறகு அதே இடத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. காலகாலமாகச் சேர்ந்த அழுத்தத்தைப் பாறைப் பிளவு ஏறக்குறைய முழுவதும் உதறிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், என்னைப் போலவே திருநெல்வேலிக்காரர். மௌலா அலியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்.

"ஏட்டி, பெரிய விஷயம்லா இது! அவசரப்படாத. இன்னுங் கொஞ்ச நாள் பாரு, பொறவு எழுது" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த கருத்தரங்கில் அக்கா மேடையேறினார். திரையில் என் பாறை, நான் குறித்த துள்ளல்கள். தான் கண்டுபிடித்ததாக வாய் கூசாமல் சொன்னார்.

அப்புறம்தான் கவனித்தேன், திரையில் சில அதிர்வுகள் எதிர்மாறாக நின்றன. ஒரு தீவு நிலையத்தில் கருவியின் கம்பிகளை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். அங்கே மேல் என்று பதிவானால் உண்மையில் கீழ். பதிவில் இருப்பதை அப்படியே குறித்துக்கொண்டு, கடைசியில் திருப்புவது எங்கள் வழக்கம். அந்தக் கோளாறு அதோடு மல்லுக்கட்டிய எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா ஆய்வகக் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டது திருப்பாத குறிப்புகளை. அதனால்தான் அந்தக் குளறுபடி.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதையே கேட்டார். குறித்தது தன் ஜூனியர் என்றும், கவனக்குறைவாக இருக்கலாம் என்றும் ஆங்கிலத்தில் சொல்லி, அக்கா என்னைக் கைகாட்டினார். அத்தனை தலைகளும் திரும்பின. திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒன்றுமே நடக்காதது போல வந்து தோளைத் தொட்டார்.

"எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுட்டி. நாளைக்குக் கட்டுரைய அனுப்பணும்லா."

"உங்க பாறைதானக்கா. நீங்களே பாத்துக்கிடுங்க" என்றேன்.

அவரை அக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் கடைசி.