குடியிருந்தபடியே கட்டிய வீடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைத்தெருவில் கேட்டால் இன்னும் காரமாகச் சொல்வார்கள். அந்தக் கோபத்தால்தான் என் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தேன். நோய் என்று ஊர் சொல்லும், விதி என்று கோயில் ஐயர் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

எங்களுக்கு அரிசி பருப்புக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மண்சுவரும் மானாப்புல் கூரையுமாக அவருடைய அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் போட்டது. கறையான் அரித்து, ஒவ்வொரு மழைக்கும் ஒரு மூலை கரைந்து விழும். பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தே எனக்குப் பாதி வயசு போச்சு. கல்லுச் சுவர், ஓட்டுக்கூரை என்று நான்தான் வருஷக்கணக்காக நச்சரித்தேன். ஒருவழியாக அவரும் சம்மதித்தார். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில் ஓடு வந்து இறங்கிய அன்றைக்கு, ஒரு ஓட்டை எடுத்துத் தட்டிப் பார்த்து, மணி மாதிரி கேட்கிறது பார் என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது அபூர்வம்.

அவருக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. கடையில் மிளகாய் மூட்டை பிரித்தால் தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். தூசி ஆகாது, புகை ஆகாது. சுவரை இடிப்பதும் சுண்ணாம்பு குழைப்பதும் இரண்டு மாசம் நடக்கும் என்றார் கொத்து வேலைக்குப் பேசியிருந்த மேசன் பாஸ். அவர் பதுளையை அடுத்த கிராமத்துச் சிங்கள மனிதர், நல்ல வேலைக்காரர். இரண்டு மாசத் தூசி என்றதும் வீட்டில் ஒரே கேள்வி: வேலை முடிகிறவரைக்கும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போவதா, இருந்தபடியே கட்டுவதா?

போக இடம் இல்லாமல் இல்லை. என் கூடப்பிறந்த அண்ணன் ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. தோட்டம் கொடுத்த வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. காலையில் வண்டி பூட்டினால் கடை திறக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம். ஆனால் நான் அண்ணனோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு அண்ணன் வரவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து நேரம், தோட்டத்துத் துரை லீவு கொடுக்கவில்லை. எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. பிள்ளையை வேறொருவர் மடியில் வைத்துக் குத்தும்போது சபையில் என் தலை குனிந்தது. மறுநாள் பழமும் துணியுமாக ஓடிவந்தவரைப் பார்த்து, இனிமேல் உன் வாசப்படியை மிதித்தால் நான் மனுஷி இல்லை என்று கத்திவிட்டேன். தெருவே கேட்டது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் கேட்டார்.

"ஹாலிஎலைக்குப் போயிருவோமா? ரெண்டு மாசந்தானே."

என் வாய் சும்மா இருக்குமா? ஆடியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டை விட்டுப் போனால் திரும்ப வரும்போது பால் காய்ச்சி, நாள் பார்த்துத்தான் குடிபுக வேண்டும், ஆடியில் யாராவது குடிபுகுவார்களா, வேலை சீக்கிரம் முடிந்தாலும் ஆவணிவரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும், விளக்கு ஏற்றாத வீட்டில் கொத்து வேலை நடந்தால் கண்டதெல்லாம் வந்து குடியேறும் என்று அடுக்கினேன். ஒரு அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் நாம் வீட்டை விட்டதாக ஆகாது, விடாத வீட்டுக்கு நாளும் வேண்டாம் பாலும் வேண்டாம் என்று தீர்ப்பும் நானே சொன்னேன். எல்லாம் எங்கள் ஆட்கள் சொல்கிற பேச்சுதான், நான் புதுசாகக் கட்டியது ஒன்றுமில்லை. ஆனால் என் மனசில் ஆடியும் இல்லை, விளக்கும் இல்லை. அண்ணன் வாசப்படி மட்டும்தான் இருந்தது.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சரி என்றார். எதற்கும் சரிதான் அவருக்கு. இரண்டு முறை கேட்கிற பழக்கமில்லை.

பின்பாதியை முதலில் இடித்தார்கள். நடுவில் கோணிச்சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டு, முன்பாதியில் நாங்கள் மூன்று பேரும் கடை மூட்டைகளோடு குடியிருந்தோம். மூலையில் விளக்கை அணையவிடாமல் வைத்திருந்தேன். ஆடி பிறந்தது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றும் கிளம்பியது. சாக்கு என்ன செய்யும்? பழைய சுவரின் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் சோற்றில், தண்ணீரில், தலைமயிரில் எல்லாம் இருந்தது. கொல்லையில் சுண்ணாம்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துக் கிளம்பும் ஆவி நேரே உள்ளே வரும்.

பத்து நாளில் அவருக்கு இழுப்பு கண்டுவிட்டது. அரிசி விலை கேட்டவர்களுக்கு விரலைக் காட்டிப் பதில் சொன்னார். மாடிப்படி ஏறியவர் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே தோள் ஏறி இறங்கும். ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் கொடுத்தேன், நெஞ்சில் எண்ணெய் தடவினேன். வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கஷாயம் அப்புறம், முதலில் இவரை இந்தத் தூசியிலிருந்து கொண்டுபோங்கள் என்றார். மேசன் பாஸும் தன் அரைத் தமிழில் அதையேதான் சொன்னார், வேலையை நிறுத்தவா என்றுகூடக் கேட்டார். பின்பாதி முடிய இன்னும் இருபது நாள்தானே என்றேன். இந்த வாயில் மண்ணைப் போட!

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வண்டியோடு வந்து கடை முன்னால் நின்றார். வைக்கோல் பரப்பி அதன்மேல் மெத்தை போட்டிருந்தது. மச்சான் வாங்க, போவோம் என்று அவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்தார், செருப்பைக்கூடத் தேடினார். நான் சாக்குத் திரையண்டை நின்று மகளைக் கூப்பிட்டேன். பேச்சு இல்லாதவரோடு பிள்ளையை வைத்துத்தானே பேச வேண்டும்.

"மாமாக்கிட்டச் சொல்லு, காதுகுத்துக்கு வராத வண்டி இப்ப எதுக்கு வந்துச்சுன்னு."

பிள்ளை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடியும் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். வெறும் வண்டி திரும்பிப் போனது. அன்றைக்கு அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். என் தலைமயிரைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. பின்பாதி முடிந்து ஓடும் வேய்ந்தாகிவிட்டது. புது அறையில் படுக்க வைத்தால் தேவலையாக இருக்கும் என்று அவரை அங்கே மாற்றினோம். பச்சைச் சுவர், தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். மத்தியானம் மூச்சு ரொம்பத் தடுமாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தார், சொல்லக் காற்று இல்லை. அப்படியே போய்விட்டார்.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்தார். அவிட்டத்தில் போயிருக்கிறார், அடைப்பு என்றார். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாசம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும், யாரும் குடியிருக்கக் கூடாது. மேசன் பாஸைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னார்கள். அவர் கடப்பாரையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். தலையாட்டினேன். இரண்டு அடிதான், கட்டி ஒரு மாசம் ஆகாத சுவர் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. அந்த ஓட்டை வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மாசம் வெளியே போக மாட்டேன் என்று அடம்பிடித்தவளை ஆறு மாசத்துக்கு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். விளக்கை நானே ஊதி அணைத்தேன்.

அண்ணன் வந்து மகளை வண்டியில் தூக்கி உட்கார வைத்தார். நானும் ஏறினேன். எனக்குப் போக வேறு இடம் ஏது? ஹாலிஎலையில் அவர் வாசப்படியில் கால் எழவில்லை. வாம்மா என்று மட்டும் சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அந்த அறையைத் திறந்தார். தூசி தும்பு இல்லாத சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு புதுக் கட்டில் கிடந்தது. தலைப்பக்கம் பலகையைச் சாய்வாகத் தூக்கி அடித்திருந்தது. இழுப்புக்காரர்கள் மல்லாந்து படுக்க முடியாது, சாய்ந்துதான் தூங்குவார்கள்.

யாருக்கு என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. எப்போது செய்தது என்று மட்டும் கேட்டேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது.

"ஆனியிலயே அடிச்சது. மச்சான் வந்து அளவு சொல்லிட்டுப் போனாரு. தங்கச்சி வருவாளான்னு கேட்டேன். அவ கோவக்காரிதான், ஆனா நான் வாய்விட்டு ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டா அப்படின்னாரு."

ஆறு மாசமும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் படுத்தேன். அதில் யாரையும் படுக்க விடவில்லை.