மெத்தையில் மரத்த கால்கள்

ஜவுளிக் கடை விற்பனை என்பது, வாடிக்கைக்காரர் எழுந்திருக்கிறவரை நாம் எழுந்திருக்கக் கூடாத தொழில். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அவர் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். பேரத்தின் நடுவில் நாம் எழுந்தால் வியாபாரமும் எழுந்து போய்விடும் என்பது திருமயம் கடைவீதி முதலாளிகளின் உறுதியான நம்பிக்கை. பேனா பிடித்தோ, தராசு பிடித்தோ, தையல் மிஷினை மிதித்தோ உட்கார்ந்தே பிழைக்கும் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் முழங்காலே சொல்லும்.

ஒற்றைச் செருப்பு

ஐம்பதைத் தாண்டிய புதிதில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வந்துகொண்டிருந்தேன். வாசலில் பூ விற்கும் அம்மாள் என் காலையே பார்த்தாள். "என்னண்ணே, ஒத்தக் கால்ல மட்டும் செருப்பு? சாமிக்கு நேந்துக்கிட்டீங்களா?" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. அது இருந்ததும் எனக்குத் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். பெருவிரலில் ஊசியால் தொட்டார். அவர் தொட்டதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சர்க்கரை வியாதி என்றார். தினமும் காலையில் அரைமணி வேகமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நாள் விரலில் புண் வரும், ஆறாது, எதுவரைக்கும் வெட்ட வேண்டியிருக்கும் என்று அப்போது தன்னாலும் சொல்ல முடியாது என்றார். கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை உட்கார்ந்திருக்கிறவனுக்கு நடக்க நேரம் ஏது என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இது உக்காந்து சம்பாதிச்ச வியாதிங்க. நடந்துதான் செலவழிக்கணும்."

கோடித் துணி

சரி, கடை திறப்பதற்கு முன்னால் நடந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். விடியற்காலையில் கோட்டைப் பக்கமாகக் கிளம்பினேன். டாக்டர் வேகமாக என்று சொன்னாரே, வேகமாகவே நடந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஊரில் யாராவது இறந்துபோனால், பிரேதத்துக்குப் போர்த்தக் கோடித் துணி வாங்க எந்த நேரமானாலும் என்னைத்தான் எழுப்புவார்கள். அப்படி வேகமாக நான் தெருவில் போவது சாவுக்கு மட்டும்தான் என்பது ஊருக்கே தெரியும். பால் கறக்கப் போனவர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கிணற்றடியில் பேச்சு நின்றது. "சும்மா நடக்கிறேன்" என்றேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத வீட்டுச் சாவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திரும்பி வரும்போது இட்டிலிக் கடைக்காரர் ரோட்டின் நடுவில் வந்து நின்றார். தெருவில் பிணம் கிடக்கும்போது அந்தத் தெருவில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

"யாருன்னுகூடச் சொல்ல வேணாம்ணே. நம்ம தெருவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அவிச்ச இட்டிலியை என்ன செய்யிறது?"

கடைக்குள்ளேயே

மறுநாளும் நடந்தேன். அதற்கு மறுநாள் பேச்சியம்மா, என் மனைவி, தடுத்துவிட்டாள். உடம்பு சரியில்லாமல் கிடக்கும் வீடுகளின் வாசலை நான் தாண்டினால் உள்ளேயிருந்து அழுகை கேட்கிறதாம். அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. எனக்கும் அது வசதியாக இருந்ததோ என்னவோ.

பிறகு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், கடைக்குள்ளேயே நடந்து பார்த்தேன். சர்க்கார் கஜக்கோலை எடுத்துவிட்டு மீட்டர் கோல் கொடுத்திருந்த சமயம் அது. ஒரு ரவிக்கைத் துணிக்குக்கூட இத்தனை கஜம் என்றால் இத்தனை மீட்டர் என்று விளக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். உட்காரும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. கிடைத்த இடைவெளியில் தூணுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். முதலாளி நல்ல மனுஷர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அங்கிட்டும் இங்கிட்டும் நடக்காதீங்க. ரோட்டுல போறவன், கடையில எனக்கும் ஒங்களுக்கும் சண்டைன்னு நினைப்பான். உக்காருங்க."

சாயம்

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் குடும்பத்தோடு வந்தார், மகள் நிக்காஹ்வுக்குத் துணி எடுக்க. காலையில் உட்கார்ந்தவர்கள் உச்சிப் பொழுதாகியும் எழுந்திருக்கவில்லை. பெரிய வியாபாரம். என் கால் மடித்த மடிப்பிலேயே இருந்தது. கடைசியில் சிவப்புப் பட்டு ஒன்று பெண்ணின் தாயாருக்குப் பிடித்துப் போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தவர் மெத்தை விரிப்பைக் காட்டினார்.

"என்னங்க இது, சாயம் எறங்குதே. வெள்ளையில ஒட்டியிருக்கு பாருங்க."

விரிப்பில் ஈரமாகச் சிவப்பு. இத்தனை வருஷத்தில் எங்கள் கடைப் பட்டுக்குச் சாயம் போகிறது என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கைக்குட்டையை நனைத்து, சேலையின் முந்தானையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "பாத்தீங்களாம்மா, நம்ம சரக்கு அப்படியெல்லாம் போகாது" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விரிப்பில் மட்டும் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. பாய் குனிந்து என் மடித்த காலுக்கு அடியில் பார்த்தார். சேலையிலிருந்து நானே கழற்றிப் போட்ட குண்டூசி, என் பெருவிரலில் தலைவரைக்கும் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சாயம் போகலண்ணே, ஒங்க கால்லேர்ந்துதான் வருது. நாங்க அப்புறமா எடுத்துக்கிறோம், மொதல்ல நீங்க எந்திரிங்க."

ஓய்வு

டாக்டர் சொன்னபடியே புண் ஆறவில்லை. விரலை எடுத்துவிட்டார்கள். எதுவரைக்கும் என்ற கேள்விக்கு இப்போதைக்குப் பெருவிரல் என்று பதில் வந்திருக்கிறது. பாதம் இருக்கிறது, அது இருக்க வேண்டுமானால் புண் ஆறியதும் நடந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். நேரமே இல்லையா எனக்கு? கடைக்கு வார விடுமுறை என்று ஒரு நாள் இருக்கத்தானே செய்தது. அன்று சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்து மறுபடி சாப்பிட்டேன். ஊர் பேசியதையும் முதலாளி சொன்னதையும் உங்களிடம் இத்தனை நீளமாக எழுதுகிறேனே, அவர்கள் யாரும் என் காலைப் பிடித்துக் கட்டிவைக்கவில்லை. ஒரு வாடிக்கைக்காரரிடம் "கொஞ்சம் இருங்க, கால் மரத்துப்போச்சு" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? கோட்டைப்பட்டினத்துப் பாய் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

நேற்று முதலாளி சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். சம்பளத்தைப் பிடிக்கவில்லை, வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. மாறாக, கால் மடிக்க வேண்டாமென்று எனக்காகக் காரைக்குடியிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாராம். பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் என் கட்டுப் போட்ட காலைத் தொட்டார்.

"எல்லாத்தையும் ஒங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கேன். இனிமே நீங்க ஒரு எட்டுக்கூட நடக்க வேணாம்."

ஆக, மெத்தையிலிருந்து நாற்காலிக்கு உயர்ந்துவிட்டேன். ஒரு விரலைக் கொடுத்து வாங்கிய உயர்வு என்பதால், அடுத்த உயர்வைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.