அலுமாரிக்கு மேல் அழிறப்பர்

முதலாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் வீட்டுப்பாடக் கொப்பியை யார் பார்த்தாலும் மெச்சுவார்கள். எழுத்துகள் அத்தனையும் கோட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும். எனக்கும் அதில் பெருமைதான், வகுப்பாசிரியை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடும்வரை.

ஆசிரியை இரண்டு கொப்பிகளை மேசையில் விரித்து வைத்தார். ஒன்று வீட்டுப்பாடம். மற்றது வகுப்பில் எழுதுவது. அதில் பக்கத்துக்குப் பக்கம் திகதி மட்டும் இருந்தது. அதுவும் ஆசிரியையின் கையெழுத்து.

"வீட்டில வடிவா எழுதுறா. இங்க பென்சிலைத் தொடுறதே இல்லை. ஏன் எண்டு கேட்டா, 'பிழைச்சுப்போகும் டீச்சர்' எண்டுறா. மற்றப் பிள்ளைகள் சொல்லு எழுதத் தொடங்கீட்டினம். இப்பிடியே விட்டா இவ பின்னுக்கு நிண்டிடுவா, அம்மா."

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். ஒரு பிள்ளையை எழுத வைக்கத் தெரியாதவரெல்லாம் ஆசிரியையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கொழும்பின் காலி வீதியில் நடந்தேன். வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டும்போது அந்தக் கோபம் ஓய்ந்துவிட்டது. வீட்டுக் கொப்பி ஏன் அவ்வளவு வடிவு என்று எனக்குத்தானே தெரியும்? அழிறப்பரும் கையுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுத்து கொஞ்சம் சரிந்தாலும் அவள் பென்சிலை எடுக்குமுன் அழித்துவிடுவேன். சில நாட்களில் அவள் கையைப் பிடித்து நானே எழுதியும் விடுவேன். ஆசிரியை காட்டிய இரண்டில் வெறுங்கொப்பி மட்டும்தான் அவளுடையது.

அன்றே அழிறப்பரை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன். "இனி அம்மா அழிக்க மாட்டன். கோணலா வந்தாலும் பரவாயில்லை. நீங்களா எழுதுங்கோ" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒரு கிழமை முழுக்க, வேலை முடிந்து நான் வந்ததும் ரயில் பாதையோரத்து எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பாள். "முதல்ல நீங்கள் எழுதிக் காட்டுங்கோ." ஆனாலும் இவள் தானாக எழுதும்வரை விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து வருடமாகியும் எனக்குச் சிங்களம் எழுத வராது. மீன்காரரோடு விலை பேசுவேன். படிவம் என்று வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிவிடுவேன். நானும் பிழைவிட்டு எழுதுவதை அவள் பார்க்கட்டும் என்று புத்தகக் கடைக்குப் போய்ச் சிங்கள அரிச்சுவடி ஒன்றும் கொப்பி ஒன்றும் வாங்கினேன். "அம்மாவும் படிக்கப்போறன்" என்று அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். சிங்களத்தின் முதல் எழுத்தான அயன்ன, என் கையில் உடைந்த முறுக்குப் போல வந்தது.

அவள் எழும்பி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது?"

"ரயில் போச்சுது. மேசையை ஆட்டிப்போட்டுது."

"ரயில் இன்னும் வரேல்லை."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த அழிறப்பரை எடுத்து வந்து என் அயன்னவைத் தேய்த்தாள்.

"எத்தினை தரம் சொல்லுறது? கண்ணை எங்க வச்சுக்கொண்டு எழுதிறீங்கள்? திருப்பி எழுதுங்கோ!"

என் சொற்கள். என் குரல். நான் நாக்குக் கொட்டும் 'ச்சு' கூடத் தப்பவில்லை. திருப்பி எழுதினேன், அதையும் அழித்தாள். மூன்றாம் தரம் தாள் கிழிந்தது. எனக்கு முகம் எரிந்தது. கொப்பியை மூடி எறியலாம் போலிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை இதை நாள்தோறும் தாங்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

"அழிச்சா அம்மாக்கு எழுதவே மனம் வருகுதில்லை, பிள்ளை."

கிழிந்த தாளை விரலால் நீவிவிட்டாள். "எனக்கும்தான்" என்றாள். அழிறப்பரை மறுபடி மேலே வைத்தது அவள்தான்.

அதன்பின் பின்னேரத்தில் அரை மணித்தியாலம் இருவரும் எழுதினோம். அவள் சரித்துச் சரித்து எழுதினாள். அழிக்கச் சொல்லி என் இடதுகை துடிக்கும். அதைத் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டு நான் என் அயன்னவைத் திருப்பித் திருப்பி எழுதினேன். கோபம் வந்த நாட்களில் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு நாளும் விடவில்லை.

போன கிழமை வகுப்புக் கொப்பியை விரித்துக் காட்டினாள். பக்கம் நிறைய எழுத்துகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி. நடுவில் ஒன்று கோட்டை விட்டுக் கீழே விழுந்திருந்தது. என்னையறியாமல் என் விரல் அதை நோக்கிப் போனது. அவள் சட்டென்று உள்ளங்கையால் அந்த எழுத்தை மூடினாள்.

"பிழைதான் அம்மா, எனக்குத் தெரியும். அது இருக்கட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.