குடல் விழித்த காலை

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு வயிற்று ஆபரேஷன் செய்த டாக்டரம்மா குள்ளமானவர். நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டியிருப்பார். விழிஞ்ஞம் துறைமுக வேலையில் கம்பி குத்திக் கிழிந்த குடலை அவர்தான் ஐந்து மணி நேரம் நின்று தைத்தார். தினமும் காலையில் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு கூச்சமே இல்லாமல், "வாயு போச்சோ?" என்பார்.

நான்கு நாளும் இல்லை என்றே சொன்னோம்.

"குடல் இன்னும் உறங்குது மோளே. நாளைக்கும் இப்படியேன்னா மறுபடி திறந்து பார்க்கணும்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அந்தச் சத்தம் வந்தது. கணவர் வெட்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் வராந்தாவில் ஓடினேன்.

"டாக்டர், போயிடுச்சு!"

பயிற்சி டாக்டர்கள் நடுவில் நின்றவர் இரண்டு கைகளையும் தூக்கினார். "ஜெயிச்சாச்சு, கேட்டோ! இனி கஞ்சித்தண்ணி கொடுக்கலாம்!"

எத்தனையோ வயிறுகளைத் திறந்து மூடியவர். இதற்குப் போய் அவர் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.