அரம் போட்ட இடம்

ஸ்பேனர் ஒன்றைக் கையில் கொடுத்தால் பொன்னுத்துரை அதன் மேலிருக்கும் பெயரைப் படிக்கமாட்டார். போலி செய்கிறவன் முதலில் திருடுவது பெயரைத்தானே என்பார். இன்னொரு இரும்பால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோவார். நல்ல எஃகு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் அடங்கும். போலி 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய நட்டை எடுத்து ஸ்பேனரின் வாயில் கொடுத்துப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். எழுத்தைப் பார்ப்பதெல்லாம் கடைசியில்தான். அசல் ஹால்மர் கம்பெனி சாமானில் எழுத்தின் விளிம்பு நகத்தில் தட்டுப்படும். போலியில் நிக்கல் பூச்சு எழுத்துக்குள் இறங்கிக் குழைந்து கிடக்கும்.

குன்னூர் மார்க்கெட்டில் பழைய டூல்ஸ் கடை வைத்திருக்கும் நல்லசாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னுத்துரையை ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிடுவார். நல்லசாமி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த வியாபாரி. இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் எடைதான். "டாக்டர் இருக்காருங்க, நாடி பாத்துச் சொல்லிருவாரு," என்று வருகிறவர்களிடம் சொல்வார். டாக்டருக்கு மதியச் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கிடைக்கும்.

பொன்னுத்துரைக்கு இது தொழில் இல்லை. நீலமட்டம் எஸ்டேட் ஃபேக்டரியில் மிஷின்களைக் கழற்றி மாட்டும் பிட்டர் அவர். தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே இலை கட்டுப்படியாகாமல் போனபோது ஃபேக்டரி கதவில் பூட்டு விழுந்தது. "விலை ஏறட்டும், திறந்துடலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். அந்த ஒரு வார்த்தை பொன்னுத்துரையைக் கட்டிப்போட்டுவிட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகள் காலியாகி எல்லோரும் திருப்பூருக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. வீட்டை விட்டால் வேலையை விட்டதாக எழுதிக்கொள்வார்கள், இத்தனை வருஷ சர்வீஸும் பணிக்கொடையும் போய்விடும் என்று யூனியன்காரர் சொல்லியிருந்தார். அதோடு, சிறுவனாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்து லயத்தைக் காலி செய்து கப்பலேறி வந்தவர். இன்னொரு முறை சட்டிபானையைத் தூக்க அவருக்கு மனம் வரவில்லை. இருந்தால் சம்பளம் இல்லை, போனால் சர்வீஸ் இல்லை.

"ஊருலகத்துல வீட்டுக்கு ஒரு தாப்பாள். நம்ம வீட்டுக்கு மட்டும் உள்ளயும் வெளியவும் போட்டிருக்கு," என்பாள் அவர் மனைவி தெய்வம்மா.

அவளுடைய அண்ணன் காத்தமுத்துதான் பூட்டிய ஃபேக்டரிக்கு வாட்ச்மேன். சாயங்காலம் அவன் டார்ச்சும் கம்பளியுமாக லயத்தைக் கடக்கும்போது பொன்னுத்துரை வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"மச்சான், டூல்ஸ் எல்லாம் உள்ளதானே இருக்கு?"

"இருக்கு மச்சான். எங்க போயிரும்?"

அது போதும் அவருக்கு. டூல்ஸ் உள்ளே இருக்கிறவரை ஃபேக்டரி சாகவில்லை என்பது அவர் கணக்கு. திறக்க நினைக்கிறவன் ஸ்பேனரை விற்கமாட்டான். விற்றால் திறக்கப்போவதில்லை.

நல்லசாமிக்கு அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுதான் பின்னால் வினையானது. ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எஸ்டேட்டுக்காரன் கம்பெனி ஏஜெண்டுகிட்ட நேரா வாங்குவான். ஸ்டோருக்குள்ள போலி வராது. வாங்கினதும் எஸ்டேட் எழுத்தைப் பஞ்ச் அடிச்சிருவோம். அது வெளிய வரணும்னா எழுத்தை அராவி எடுத்துட்டுத்தான் வரணும். அதனால அரம் போட்ட இடம் தெரிஞ்சா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

மதிப்பாகக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னதுதான். நல்லசாமி அதையே கடையின் மந்திரமாக்கிக்கொண்டார். வருகிறவனின் கட்டைவிரலைப் பிடித்து ஸ்பேனரின் கழுத்தில் தேய்ப்பார். "தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்குதா? அதானுங்க அரம் போட்ட இடம். எஸ்டேட் சாமான்." மலையடிவாரம் வரை பேச்சுப் பரவியது. அரம் போட்ட இடம் இல்லாத ஒரிஜினலைக்கூட வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனார்கள். மலையில் பூட்டிக் கிடந்த ஃபேக்டரிகளிலிருந்து சாக்குமூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. அடுத்தவன் ஃபேக்டரி மூட்டை வரும்போதெல்லாம் பொன்னுத்துரை முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. திருப்பூரில் புதிதாகப் பட்டறை போடும் வேலுமணி என்பவர் முழு செட்டாக எஸ்டேட் டூல்ஸ் வேண்டுமென்று கடையில் காத்திருந்தார். அப்போது ஒரு சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவைத்தவன் காத்தமுத்து.

"மச்சான், நல்லாப் பாத்துச் சொல்லு," என்று கண்ணைச் சிமிட்டினான்.

பொன்னுத்துரை சாக்குக்குள் கைவிட்டார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கைக்குத் தெரிந்துவிட்டது. பதினேழாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் தேய்ந்திருந்தன. இருபத்திரண்டு புதுசு போல இருந்தது. இலை உருட்டும் ரோலருக்குப் பதினேழு, பெல்ட்டுக்குப் பத்தொன்பது. ஓடுகிற ஃபேக்டரியில் எல்லா ஸ்பேனரும் ஒரே மாதிரி தேயாது. அடியில் ஒரு ரிங் ஸ்பேனர் கிடந்தது, கழுத்து வளைந்தது. இலை காயவைக்கும் டிரையருக்குப் பின்னால் கை எட்டாத ஒரு போல்ட்டுக்காக அதை அடுப்பில் காய்ச்சி வளைத்தவர் அவரேதான். எல்லாவற்றிலும் எழுத்து இருந்த இடத்தில் அரம் போட்ட தடம் பளபளத்தது. பழக்கத்தில் ஒன்றை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார், சத்தம் எழுந்து மெல்ல அடங்கியது.

'களவாணிப் பயலே' என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். தெய்வம்மாவின் அண்ணன். திருட்டு என்று இங்கே சொன்னால் போலீஸ். ஒரிஜினல் என்று சொன்னால் மொத்தமும் இன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறிவிடும். போனால் ஃபேக்டரி போனதுதான். விலை போகாவிட்டால் இவன் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போய்த்தானே ஆகவேண்டும்?

"என்னங்க டாக்டர், இத்தனை யோசனை?" என்றார் நல்லசாமி.

"டூப்ளிகேட்," என்றார் பொன்னுத்துரை.

காத்தமுத்துவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏனுங்க, எனக்கே சத்தம் கேட்டுச்சுங்களே. கோயில் மணியாட்டம் கேட்டுச்சு. அரம் போட்ட இடம் வேற இருக்குது பாருங்க. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"இப்ப போலிக்காரனும் அரம் போடுறானுங்க. நம்ம பேச்சு அவன் காதுக்குப் போகாதா?"

நல்லசாமி முகம் கறுத்தது. வேலுமணி வளைந்த ஸ்பேனரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதென்னுங்க, கழுத்து சுளுக்கிக்கிட்ட மாதிரி? நல்ல இரும்பு இப்பிடி வளையுமுங்களா?"

பொன்னுத்துரை அந்தக் கழுத்தைப் பார்த்தார். விரிசல் விடாமல் வளைக்க ஒரு பகல் முழுதும் அடுப்பைக் காத்தது நினைவுக்கு வந்தது. "வளையாதுங்க," என்றார். "வளைஞ்சாலே போலிதான்."

"நல்லவேளைங்க. தலையில துண்டைப் போட்டுட்டுப் போயிருப்பேன்," என்று வேலுமணி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்.

"ஏனுங்க, உங்க மச்சான் உக்காந்திருக்கற கடைக்கே போலியக் கொண்டாறீங்களா?" நல்லசாமி சாக்கைக் காலால் தள்ளினார். "எடைக்குப் போடறதுன்னா போடுங்க. இல்லாட்டி எடுத்துட்டுக் கெளம்புங்க."

"எடுத்துட்டுப் போயிரு," என்றார் பொன்னுத்துரை குரலைத் தாழ்த்தி. "இருந்த எடத்துலயே வச்சிரு."

காத்தமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். "எந்த எடத்துல மச்சான்?" என்று கேட்டுவிட்டுச் சாக்கைத் தானே தூக்கித் தராசில் வைத்தான்.

பஸ் ஸ்டாண்டில் கூரைக்கடியில் நின்றபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"நீ என்னத் திருடன்னு நெனச்சிட்டே. அப்படித்தானே?"

"பின்ன?" என்றார் பொன்னுத்துரை.

"மொதலாளி வந்திருந்தாரு. கூட ஒரு பார்ட்டி. டிரையர், ரோலர் எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டாங்க. ஆளு வந்து கழட்டப்போறான். 'உனக்கும் பிட்டருக்கும் குடுக்க கையில பணமில்லப்பா, அந்த டூல்ஸை ரெண்டு பேரும் எடுத்துக்கங்க, லயத்துல மூச்சு விடாத'ன்னாரு. அரத்தையும் அவரேதான் எடுத்துக் குடுத்தாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? தெனமும் வாசல்ல நின்னு, உள்ளதானே இருக்குன்னு கேக்குறே. அந்த மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நல்ல வெலைக்கு வித்து, உன் பங்கைக் கையில வச்சிட்டு அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். நீ இருக்குற கடைன்னு தெரிஞ்சுதானே வந்தேன்? வெலைய நீ ஏத்தி விடுவேன்னு நெனச்சேன்." அவன் எடைக்கு வந்த பணத்தில் பாதியைப் பொன்னுத்துரையின் சட்டைப் பையில் திணித்தான். உள்ளே நட்டு கிணுகிணுத்தது. "நல்லாத்தான் ஏத்தி விட்டே, போ."

நடந்ததையெல்லாம் வீட்டில் தெய்வம்மா அடுப்பைத் தள்ளிவிட்டபடியே கேட்டாள். "இப்ப போயிச் சொல்லுங்களேன். ஒரிஜினல்னு."

"என்னன்னு சொல்ல? நான் சொன்னது பொய்யின்னா? அதுக்கப்புறம் நல்லசாமி அந்த ஸ்டூல்ல உக்கார விடுவானா?"

நல்லசாமி மாறித்தான் போயிருந்தார். போலிக்காரனும் அரம் போடுகிறான் என்றதிலிருந்து அவருக்கு எந்த இரும்பின் மேலும் நம்பிக்கை இல்லை. "இனி உங்க வாய்ச்சொல் இல்லாம ஒரு நட்டைக்கூட வாங்கமாட்டனுங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் பத்தாது. தெனமும் வந்துருங்க," என்று சொல்லிவிட்டார். ஸ்டூல் அவருடைய நிரந்தர இடமாயிற்று. சாக்கிலிருந்த மற்றவை பழைய இரும்போடு போயின. வளைந்த ஸ்பேனரை மட்டும் நல்லசாமி கடை வாசலில் ஆணியடித்து, எல்லோருக்கும் தெரியும்படி மாட்டினார். "போலின்னா எப்பிடி இருக்கும்னு பாத்துக்கங்க. எங்க டாக்டர் புடிச்சுக் குடுத்தது." பொன்னுத்துரையின் தலைக்கு நேர் மேலே அது தொங்கியது. உள்ளே போகும்போது ஒருமுறை இடிக்கும், வரும்போது ஒருமுறை இடிக்கும்.

மூடுபனி மார்க்கெட்டுக்குள் இறங்கியிருந்த ஒரு காலையில், கையெல்லாம் கிரீஸாக ஓர் ஆள் அவசரமாக வந்தான்.

"நீலமட்டத்துல டிரையர் கழட்டிட்டு இருக்கோமுங்க. எல்லாம் வந்துருச்சு, பின்னால ஒரே ஒரு போல்ட்டு. எந்த ஸ்பேனரும் போக மாட்டேங்குது. கழுத்து வளைஞ்ச மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" கேட்டுக்கொண்டே அவன் கண் மேலே போனது. ஆணியிலிருந்து எடுத்துவிட்டான். "அட, இதே கணக்கா இருக்குதே!"

"அது ஆகாதுங்க," என்றார் நல்லசாமி. "டூப்ளிகேட்டு."

அந்த ஆள் ஸ்பேனரைக் கடைக் கம்பியில் தட்டினான். மணி போல எழுந்து நீண்டது சத்தம். அவனுக்கும் காது இருந்தது. பொன்னுத்துரையைப் பார்த்தான். "சத்தம் நல்லா வருதுங்களே? ஒரு போல்ட்டுதானுங்க. தாங்காதா?"

பொன்னுத்துரை ஸ்பேனரை வாங்கினார். அது இன்னும் அடங்கவில்லை, உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. நல்லசாமி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"என்ன பண்றது, கேஸ் வெச்சு அறுத்துர வேண்டியதுதான். மிஷின் ஒடம்பு போயிரும். அப்புறம் அது எங்கயும் ஓடாது, காயலாங்கடைக்குத்தான். சொல்லுங்க, தாங்குமா தாங்காதா?"

பொன்னுத்துரை விரல்களை மூடி ஸ்பேனரை இறுக்கினார். சத்தம் நின்றது.

"தாங்காதுங்க," என்றார். எழுந்து அதை ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.