சித்தி இழுத்துப் பார்த்த முடிச்சு

என் சித்தி ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில் உதவியாளர். அவர் வேலை என்ன என்று கேட்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தையல் தேர்வன்று ஒவ்வொரு மாணவர் முன்னாலும் ரப்பர் தோல் போர்த்திய சின்னப் பஞ்சு மெத்தை ஒன்று இருக்கும். அதிலுள்ள வெட்டை ஆறு நிமிடத்தில் தைக்க வேண்டும். ஊசி பிடிக்கும் விதம், இடைவெளி, வேகம் எல்லாம் பார்த்துப் பேராசிரியர் மதிப்பெண் போடுவார். எல்லோரும் போன பிறகு தையலைப் பிரிப்பது சித்தி. கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். வீட்டில் என் ஷூ லேஸ்கூட அந்தக் கைக்குத் தப்பாது. நாங்கள் கேலி செய்வோம். போன மாதத்திலிருந்து செய்வதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மாணவர் நான்கே நிமிடத்தில் தைத்து முடித்தார். கூட இருந்தவர்கள் அவருக்கு வைத்த பட்டம் 'மின்னல்'. முழு மதிப்பெண். அன்று மாலை அவருடைய ஆறு முடிச்சும் சித்தியின் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடாமல், முதல் சுற்றைப் போலவே போட்டிருந்தார். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சித்தி பேராசிரியரிடம் சொன்னார்.

"மார்க் அனுப்பியாச்சும்மா. போகப் போகக் கத்துக்குவான்," என்றார் அவர். "நீ இழுக்கிற இழுப்புக்கு என் முடிச்சே அவுந்துடும்."

சித்தியும் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

போன மாதம் சித்தப்பாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. அவசர ஆபரேஷன். மறுநாள் காலை வார்டுக்கு வந்த இளம் டாக்டரைப் பார்த்ததும் சித்தி எழுந்து நின்றார். மின்னல்.

"இவருக்குத் தையல் போட்டது யாரு டாக்டர்?"

"உள்ளே பெரிய டாக்டர் பார்த்தாரும்மா. வயித்த மூடினது நான்தான்."

"உன் டெய்லர் ஒரு சட்டைக்கு மூணு வாரம் இழுத்தடிக்கிறான்," என்றார் சித்தப்பா, படுத்தபடியே. "தம்பி என்னை அரை மணி நேரத்துல தச்சுட்டாரு பாரு."

சொல்லிச் சிரித்ததில் அவர் தொண்டை கரகரத்தது. முப்பது வருடச் சிகரெட்.

பயிற்சிக்கூடத்தில் மிஞ்சும் நூல் சித்தியின் பையில் எப்போதும் கிடக்கும். ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கட்டில் கம்பியில ஒரு முடிச்சு போடுங்க."

"என்னம்மா, மறுபடியும் பரீட்சையா?"

சிரித்துக்கொண்டே போட்டார். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. சித்தி இழுத்தார். நூல் வழுக்கி அவர் கையோடு வந்தது.

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"உள்ளேயும் இப்படித்தான் போட்டீங்களா?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் சித்தப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் வயிற்றுக் கட்டின் மேல் முதலில் பாய்ந்து அழுத்திய கைகள் மின்னலுடையவை.