நாற்பத்தொன்றாம் இலக்க இடம்

தவராசா அண்ணை போய்விட்டார் என்று எங்கள் முகாம் கூட்டத்தில் ஒருவனான குகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தேன். "விடிய எழும்பேல்லை அண்ணை. நித்திரையிலயே போட்டார்" என்றான். நித்திரை என்ற சொல் என்னை எங்கே குத்தியது என்று அவனுக்குத் தெரியாது. அண்ணையை அறிந்த உங்களுக்கும் தெரியாது. சொல்கிறேன்.

எங்கள் ஆறு குடும்பங்களின் கோடைகாலக் கூடார முகாம் அவர் கையில் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். தை மாதம், வெளியே பனி முழங்காலளவு கிடக்கும்போது, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர் வீட்டு மேசையில் பூங்கா வரைபடங்கள் விரியும். மாகாணப் பூங்காவா, தனியார் முகாமா என்று அடிபடுவோம். "பார்க்கில நாங்கள் வாயை மூடவேணும். பிரைவேட் இடத்தில காதை மூடவேணும். எது லேசு?" என்பார். எங்கள் ஆட்களுக்கு வாயை மூடுவது லேசான வேலையா? ஆனாலும் பூங்காதான் வெல்லும். அண்ணைக்கு ஏரி வேண்டும்.

ஒருமுறை ஆறு பேருக்கு அனுமதியுள்ள இடத்தில் இருபத்துமூன்று பேர் ஆட்டிறைச்சிக் கறியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். பூங்காக் காவலர் வந்து தலைகளை எண்ணத் தொடங்கினார். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல், வணக்கமும் நன்றியும். "பொன்சூர்" என்று கதிரையை விரித்தார். "மெர்சி" என்று தட்டைக் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஆக்களை எண்ண விடாதேங்கோ. இறைச்சித் துண்டை எண்ணட்டும்" என்றார். உறைப்பில் மூக்கைச் சிந்தியபடி போன அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை.

இந்தத் தை மாதம் அவர் வரைபடத்தில் ஏரிக்கரையை ஒட்டிய நாற்பத்தொன்றாம் இலக்க இடத்தில் விரலை வைத்தார். "முழங்கால் சரிவராது தம்பி. இனி நடந்துபோய்ப் பாக்க ஏலாது. கூடார வாசல்ல இருந்தே தண்ணி தெரியவேணும்." பூங்காவின் இணையப் பதிவு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஆளுக்கோர் இடத்தைப் பிடிக்கவேண்டும். நாற்பத்தொன்று என் பொறுப்பு. என் குணம் தெரிந்தவர், என் கைபேசியை வாங்கித் தானே அலாரம் வைத்துத் தந்தார்.

அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுப் படுத்தேன். ஒன்பது மணிக்கு அவருடைய அழைப்புத்தான் என்னை எழுப்பியது.

"கிடைச்சுதோ?"

"இல்லை அண்ணை. எட்டு மணிக்கே அழுத்தினனான். கண்ணுக்கு முன்னால எவனோ கொத்திக்கொண்டு போட்டான்."

"பரவாயில்லை. பேந்து பிரைவேட் இடம் ஒண்டு பாப்பம்."

அண்ணைக்கு இடமில்லாத பூங்கா எதற்கென்று மற்றவர்களும் தாங்கள் பதிந்த இடங்களை விட்டார்கள். ஆடி மாதம் தனியார் முகாமுக்குப் போனோம். அவருடைய கூடார வாசலுக்கு நேரே ஒரு ட்ரெய்லரின் பின்பக்கம். இரண்டு நாளும் மடக்குக் கதிரையில் இருந்து அதையே பார்த்தார். "தகரம் நல்ல தகரம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரிலும் உரக்கச் சிரித்தவன் நான்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் போனபின், அவருடைய மனைவி ராணி அக்காவிடம் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். கணவனை இழந்த மனுசி என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. உம்மோட கதைச்ச கையோட கொம்பியூட்டரைத் திறந்து பாத்தவர். நாப்பத்தொண்டு சும்மா கிடந்தது. 'அழுத்துங்கோவன்' எண்டு நான் கத்தினன். 'இப்ப நான் எடுத்தா, அவன் பொய் சொன்னது சனத்துக்குத் தெரிஞ்சுபோம். சாகுமட்டும் சொல்லிக் காட்டுவினம்' எண்டிட்டு மூடிப்போட்டார்."

இதே பொய்யை வேறு யாராவது சொல்லி நான் பிடித்திருந்தால், மத்தியானத்துக்குள் தூரத்து வில்லரே வரைக்கும் கதை போயிருக்கும். அந்த வாய்க்குச் சொந்தக்காரன் வெட்கப்படக் கூடாதென்று அவர் தன்னுடைய கடைசி ஏரியை விட்டார். அவர் மூடியதை நான் இங்கே திறந்துவிட்டேன். சொல்லிக் காட்டுவதென்றால் தாராளமாகச் சொல்லிக் காட்டுங்கள். கேட்டு மறிக்க அவர் இல்லை.

மடக்குக் கதிரையை அக்கா தந்தார், நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது அவர் வைத்துத் தந்த அலாரம் மட்டுமே. எல்லாச் சனிக்கிழமைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அடிக்கிறது. இப்போதெல்லாம் நேரத்துக்கு எழும்பிவிடுகிறேன்.